இரண்டாவது டிரெய்லர் இலாபமா?

கரும்பு அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டச் சாலைகளில் இரவு பகலாக டிராக்டர்கள் ஆலையை நோக்கி ஓடுகின்றன. ஒரு டிராக்டருக்கு ஒரு டிரெய்லர் என்பதுதான் வழக்கம். ஆனால் முதல் டிரெய்லரின் வாலில் இன்னொன்றையும் மாட்டி இழுத்துச் செல்வது சில இடங்களில் காணப்படுகிறது. ஒரே நடையில் இரண்டு லோடு போய்ச் சேரும், டீசலும் ஆள் கூலியும் மிச்சம் என்பது இதற்குக் கூறப்படும் காரணம். இந்தக் கணக்கில் வரவு மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. செலவுப் பக்கத்தையும் சிறு விவசாயிகள் பார்க்க வேண்டும்.

இழுப்பது வேறு, நிறுத்துவது வேறு

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். மேட்டில் பாரம் மாட்டை வருத்தும்; ஆனால் ஆபத்து இறக்கத்தில்தான். டிராக்டருக்கும் இது பொருந்தும். 45 குதிரைத்திறன் டிராக்டர் சமதளத்தில் இரண்டு டிரெய்லர்களை மெதுவாக இழுத்துவிடும். அதை நிறுத்துவதற்கு என்ஜினின் சக்தி போதாது, பிரேக் வேண்டும். பெரும்பாலான விவசாய டிராக்டர்களில் பின் சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் உண்டு. உள்ளூர்ப் பட்டறைகளில் செய்யப்படும் டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே இருப்பதில்லை.

டிராக்டரின் எடை 2 டன் என்றும், கரும்புடன் ஒவ்வொரு டிரெய்லரும் 6 டன் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு டிரெய்லர் மாட்டினால் மொத்தம் 8 டன். இரண்டு மாட்டினால் 14 டன். தனி டிராக்டரை நிறுத்த வேண்டிய அதே பிரேக்தான் இந்த 14 டன்னையும் நிறுத்தியாக வேண்டும். ஆகவே அதே வேகத்தில் வண்டி நிற்பதற்கு ஏறத்தாழ ஏழு மடங்கு தூரம் தேவைப்படும். வேகத்தை இரட்டித்தாலோ, அந்தத் தூரம் மேலும் நான்கு மடங்காகும்.

பாலத்தின் இறக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். 20 அடிக்கு ஓரடி தாழும் சரிவில் 14 டன் பாரம் சுமார் 700 கிலோ விசையுடன் டிராக்டரை முன்னே தள்ளும். காய்ந்த தார்ச் சாலையிலும் இத்தகைய டிராக்டரின் பின் சக்கரங்களுக்குக் கிடைக்கும் பிடிப்பு ஒரு டன்னுக்கு உட்பட்டதே. அதில் பெரும்பகுதி சரிவைத் தாங்குவதிலேயே தீர்ந்துவிடும். மழை பெய்து சாலை நனைந்திருந்தாலோ, கரும்புத் தோகை சிதறிக் கிடந்தாலோ, பின் சக்கரங்கள் சறுக்கும். டிரெய்லர்கள் டிராக்டரைப் பக்கவாட்டில் மடக்கிக் கவிழ்த்துவிடும். ஓட்டுநருக்குத் தப்பிக் குதிக்க நேரம் இருக்காது.

இரண்டாவது டிரெய்லருக்கென்றே இன்னொரு குறையும் உண்டு. முதல் டிரெய்லர் ஒரு சாண் அசைந்தால், கடைசி டிரெய்லர் சாட்டை நுனிபோல அதைவிட அதிகமாக ஆடும். வளைவில் திரும்பும்போது அது சாலையின் உட்புறத்தை வெட்டிக்கொண்டு வரும். பக்கத்தில் வரும் மோட்டார் சைக்கிள்காரர் இதை எதிர்பார்ப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. ஆகவே ஒவ்வொரு டிரெய்லரும் தனியே பதிவு செய்யப்பட வேண்டும். சட்டத்தின் 61-ஆம் பிரிவு, டிராக்டரின் பதிவு எண் கடைசி டிரெய்லரிலும் தெரிய வேண்டும் என்கிறது. பதிவுச் சான்றில் குறித்த எடைக்கு மேல் ஏற்றுவதை 113-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட 194-ஆம் பிரிவின்படி மிகைப் பாரத்துக்கு ரூ.20,000 அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000-மும், பாரத்தை இறக்கும் செலவும் விதிக்கப்படலாம். ஒரு நடையில் மிச்சமாகும் டீசல் எத்தனை லிட்டர் என்று இதனுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

அபராதத்தையாவது கட்டிவிடலாம். விபத்தில் ஓர் உயிர் போனால் என்ன ஆகும்? டிராக்டருக்குக் காப்பீடு இருந்து, பின்னால் மாட்டிய டிரெய்லருக்கு இல்லையென்றால், நஷ்ட ஈட்டைத் தர மறுக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்கு வழி பிறக்கும். சொந்த விவசாயத்துக்கென்று காப்பீடு செய்த வண்டியில் பிறர் கரும்பை வாடகைக்கு ஏற்றினாலும் இதே சிக்கல்தான். அப்போது ஈட்டுத்தொகை உரிமையாளர் தலையில் விழும். நிலத்தை அடமானம் வைத்து டிராக்டர் வாங்கியவருக்கு, அந்த நிலமே மிஞ்சாமல் போகலாம்.

மாட்டித்தான் ஆக வேண்டுமென்றால்

இரண்டு நடை அடிப்பதே சிறந்தது. தவிர்க்க முடியாதவர்கள் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுச் சான்றுகளைக் காட்டி, அனுமதி உண்டா என்பதை எழுத்து மூலம் பெற வேண்டும். பின்வருவனவற்றையும் கவனிக்க வேண்டும்.

1. பிரேக் இல்லாத டிரெய்லரை இரண்டாவதாக மாட்டவே கூடாது.

2. கனமான டிரெய்லர் முன்னாலும், இலேசானது பின்னாலும் இருக்க வேண்டும்.

3. பின் கொக்கி, முதல் டிரெய்லரின் அடிச்சட்டத்தோடு உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். தகட்டில் ஒட்டவைத்த கொக்கி பிய்ந்துவிடும். பின்னுக்குப் பதிலாகப் பழைய போல்ட்டைச் செருகுவது கூடாது. லாக் பின்னும், பாதுகாப்புச் சங்கிலியும் அவசியம்.

4. வயலில் திரும்புவதற்காகப் பிரித்துவைக்கும் இடது, வலது பிரேக் பெடல்களைச் சாலையில் ஏறுமுன் கொக்கியால் இணைக்க வேண்டும். மறந்தால் ஒரு சக்கரம் மட்டும் நின்று வண்டி திரும்பிவிடும்.

5. இறக்கம் தொடங்குமுன்பே சிறிய கியருக்கு மாற்ற வேண்டும். நியூட்ரலில் விடுவது தற்கொலைக்கு ஒப்பாகும்.

6. கடைசி டிரெய்லரின் பின்புறம் சிவப்பு விளக்கும் சிவப்புப் பிரதிபலிப்பானும் இருக்க வேண்டும். கரும்பு நுனி அவற்றை மறைக்கக் கூடாது.

7. மட்கார்டிலோ, கரும்பின் மேலோ ஆளை உட்கார வைக்கக் கூடாது. வழியில் நிறுத்தும்போது சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்லைப் புறப்படுமுன் அகற்ற வேண்டும்.

ஆலைகளின் பொறுப்பு

பழி முழுவதையும் விவசாயி மீது போடுவது நியாயமாகாது. வெட்டிய கரும்பு காயக் காய எடையும் சர்க்கரைச் சத்தும் குறையும். ஆலை வாசலில் பல மணி நேரம் வரிசையில் காத்திருப்பவர், அடுத்த நடைக்குள் கரும்பு காய்ந்துவிடுமே என்றுதான் இரண்டு டிரெய்லர்களை மாட்டுகிறார். கட்டிங் ஆர்டரை ஆலையின் அரவைத் திறனுக்கு ஏற்ப ஒழுங்காக வழங்கி, எடை மேடையில் காத்திருப்பைக் குறைத்தால், இரண்டு நடை அடிப்பது யாருக்கும் சுமையாக இருக்காது. பருவத் தொடக்கத்தில் ஒவ்வொரு கரும்புக் கோட்டத்திலும் டிரெய்லர்களின் பிரேக்கையும் கொக்கியையும் விளக்கையும் சோதித்துக் கொடுக்கவும் ஆலைகள் முன்வர வேண்டும். விபத்து நடந்தபின் அபராதம் விதிப்பதைவிட இது பயன் தரும்.

அதுவரையில் விவசாயிகள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள வேண்டும். கரும்பு ஒரு நாள் தாமதமாகப் போனால் எடை குறையும். வண்டி கவிழ்ந்தால் போவது கரும்பு மட்டுமல்ல. இரண்டாவது டிரெய்லரை மாட்டக் கொக்கியை எடுக்குமுன், இந்தப் பாரத்தை நிறுத்த முடியுமா என்று ஒரு முறை எண்ணிப் பார்ப்பது நல்லது.