கைக்குழந்தைக்கும் ஒரு டிக்கெட்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையிலுள்ள கொல்லயிலுக்குக் கடல் அதிக தூரமில்லை. ஆனால் பக்கத்திலுள்ள விழிஞ்ஞம் துறைமுகம் சரக்குப் பெட்டகங்களுக்காகக் கட்டப்பட்டது. கைக்குழந்தையோடு உல்லாசக் கப்பலேற ஆசைப்படும் குடும்பம் 200 கி.மீ.க்கு மேல் பயணம் செய்து கொச்சிக்குப் போகவேண்டும்.

பாட்டிமார்களின் முதல் பயம், குழந்தைக்குக் குமட்டுமே என்பதுதான். வேடிக்கை என்னவென்றால், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அந்தத் தொல்லை அபூர்வம். தலைசுற்றிப் படுத்துவிடுவது பெற்றோர்தான். குழந்தையைத் தூக்கிக்கொள்ளவாவது பாட்டியையும் கூட்டிப்போவது புத்திசாலித்தனம்.

உண்மையில் பார்க்கவேண்டியது வயதும் பாதையும். 6 மாதம் நிரம்பாத குழந்தையைப் பல சர்வதேசக் கப்பல் நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. நாள்கணக்கில் கரையே காணாத பயணம் என்றால் 12 மாதம். காரணம் எளிது. கப்பலில் டாக்டர் இருப்பார், குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்காது.

லட்சத்தீவு கப்பல்கள் பல தீவுகளில் கரையை நெருங்குவதில்லை. ஆடும் படகுக்குக் குழந்தையோடு இறங்கவேண்டும். இலங்கை என்றால் குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் தேவை.

கப்பலேறியதும் நீச்சல் குளத்தைத் தேடும் முன் குழந்தை அளவு உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிடவேண்டும். 24 மணி நேரத்துக்குக் குறையாத சர்வதேசப் பயணங்களில் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் அது இருந்தாகவேண்டும் என்பது சர்வதேச விதி.