ஓ.எஸ். புரோகிராமைப் பிரித்துத் தராது

சாதாரண பீசிகளை நெட்வொர்க்கில் இணைத்து, அவற்றின் மேல் ஒரு கிளஸ்டர் ஓ.எஸ்.ஸைப் போட்டுவிட்டால் எந்தப் புரோகிராமும் ஒரு வரிகூட மாறாமல் இருபது மடங்கு வேகத்தில் ஓடும் என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருக்கிறார். கல்லூரி லேப்களை இப்படி மாற்றச் சொல்கிறார். இதை நம்பும் துறை பணத்தையும் இழக்கும், மாணவர்களின் உழைப்பையும் வீணடிக்கும்.

அவர் காட்டும் சான்று ஓப்பன்மோசிக்ஸ். லினக்ஸ் கர்னலைத் திருத்தி, சுமை கூடிய கணினியில் ஓடும் பிராசஸை ஓய்வாக இருக்கும் கணினிக்கு அது நகர்த்தியது. நகர்த்தியதே தவிர, பிரிக்கவில்லை. ஒரே பிராசஸாக ஓடும் சிமுலேஷனை இருபது பீசி கிளஸ்டரில் ஏற்றிப் பாருங்கள். ஒன்றின் சிபியூ நூறு சதவீதத்தில் நிற்கும், மற்ற பத்தொன்பதும் சும்மா கிடக்கும். நகர்ந்துபோன பிராசஸின் பல சிஸ்டம் கால்கள் கிளம்பிய கணினிக்கே திரும்பி வந்துதான் நிறைவேறின. இதையெல்லாம் கட்டுரையாளர் வாசகரிடம் சொல்லவே இல்லை. தனித்தனி வேலைகள் நூறை ஒரே சமயத்தில் ஓடவிடுபவருக்கு அது உதவியது உண்மை. அதற்கு இன்று ஸ்லர்ம் என்ற ஜாப் ஷெட்யூலர் போதும். ஓப்பன்மோசிக்ஸ் 2008இல் மூடப்பட்டது. மலிவான மல்ட்டிகோர் சிபியூக்கள் வந்துவிட்டதைத்தான் அதை நடத்தியவரே காரணமாகச் சொன்னார்.

பேவுல்ஃபையும் துணைக்கு இழுப்பது மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடும் வேலை. 1994இல் நாசாவின் காடர்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 16 பீசிகளை இணைத்து உருவாக்கிய கிளஸ்டர் அது. ஓ.எஸ். எல்லோருக்கும் கிடைத்த அதே லினக்ஸ்தான். 10 எம்பிபிஎஸ் ஈதர்நெட் போதாததால் ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்புகளைச் சேர்த்து ஓட்ட பெக்கர் டிரைவர் எழுதினார். வேலையைப் பிரித்தவர்கள் புரோகிராமர்கள். கணக்கிட வேண்டிய பரப்பைப் பட்டைகளாக வெட்டி, பீசிக்கு ஒன்றாகக் கொடுத்து, ஒவ்வொரு படியிலும் எல்லையோர எண்களை மட்டும் பிவிஎம், எம்பிஐ என்ற மெசேஜ் பாஸிங் முறைகள் வழியே பரிமாறும்படி எழுதினார்கள். ஏன் எல்லையோரம் மட்டும்? ரேமிலிருந்து ஓர் எண்ணை எடுக்க நூறு நானோசெகண்ட் அளவில் ஆகும். அதையே சாதாரண ஈதர்நெட்டில் பக்கத்துப் பீசியிடம் கேட்டு வாங்கப் பல பத்து மைக்ரோசெகண்ட் ஆகும். எதை எப்போது அனுப்புவது என்று யோசித்து எழுதாத புரோகிராம், இருபது பீசியில் ஒரு பீசியைவிட மெதுவாகவும் ஓடும். எந்த ஓ.எஸ்.ஸும் இந்த யோசனையைச் செய்து தந்ததில்லை.

எம்பிஐ கற்பிக்க நேரமில்லை என்கிறார் கட்டுரையாளர். கிளஸ்டரில் கற்பிக்க வேண்டியதே அதுதான். சரி, அந்த இருபது மடங்கை எந்தப் புரோகிராமில், எந்த நெட்வொர்க்கில் அளந்தார்? கட்டுரை முழுக்கத் தேடினாலும் ஓர் அளவீடுகூட இல்லை.