டர்போ காருக்கு 'ரீமேப்': பவர் உண்மையிலேயே கூடுகிறதா? கண்டுபிடிப்பது எப்படி?

"ரீமேப் போட்டா 30 குதிரைத்திறன் கூடும் சார்!" டர்போ கார் வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன வாக்குறுதி இது. அதை நம்பிப் பணம் கட்டும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எந்த பவர்?

கம்பெனி சொல்வது இன்ஜினில் அளந்த பவர். ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ் 1.0 டிஎஸ்ஐ காருக்கு அது 115 பிஎஸ். ஆனால் டைனோ மெஷின் அளப்பது சக்கரத்துக்கு வந்து சேரும் பவரை. கியர்பாக்ஸில் கொஞ்சம் போய்விடுவதால் அது குறைவாகவே இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் கணக்கு இடிக்கும். அதே கார், அதே டைனோ, அதே நாள், ரீமேப்புக்கு முன்னும் பின்னும்: இதுதான் சரியான ஒப்பீடு.

காரைக்கால் வெயில் என்ன செய்யும்?

டர்போ அழுத்தும் காற்று சூடாகும். வெளிக்காற்றும் அனலாக இருந்தால், இன்ஜின் 'நாக்' ஆகாமலிருக்க ஈசியு தானே பவரைக் குறைத்துவிடும். எனவே முதல் ஓட்டத்தை மட்டும் பார்க்காதீங்க. அடுத்தடுத்து 3 ஓட்டம் கேளுங்க. வெப்பநிலைக்கேற்ப 'கரெக்‌ஷன்' போட்ட எண், டர்போ காரில் பவரைக் கூட்டிக் காட்டலாம். திருத்தாத எண்ணையும் வாங்கிப் பாருங்க.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. பிரிவு 182ஏ-யின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. மத்திய சட்டம் என்பதால் காரைக்காலின் பி.ஒய் 02 வண்டிக்கும் விலக்கு கிடையாது.

வாரண்டி, இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் சிக்கலாகும் ஆபத்தும் இருக்கிறது. டைனோ பேப்பரில் கூடும் எண்ணுக்கு நேராக இதையும் வைத்துப் பார்த்து முடிவெடுங்கள்.