வாயில்லா ஜீவனுக்கும் மழைக்காலம் உண்டு

தீபாவளிப் பலகார வாசம் அடங்குவதற்குள் வானம் இருட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவக்காற்று மார்ச் வரை நம் தலைக்குமேல்தான் நிற்கும். பால்மரத்துப் பட்டை நனைந்தால் வெட்டு இல்லை. செம்பனைத் தோட்டத்திலோ சேற்றில் லோரி இறங்க முடியாமல் குலைகள் தேங்கிக் கிடக்கும். வருமானம் சுருங்கும் காலம் இது.

இந்தக் காலத்தில் நம் பாட்டாளிக்குக் கைகொடுப்பது எது? கொட்டகையில் நிற்கும் நாலு ஆடும், ஒரு பசுவும், புழக்கடையில் மேயும் கோழிகளும்தான். அவசரம் என்றால் ஒரு கிடாயைப் பிடித்து விற்றுச் சமாளிக்கும் குடும்பங்கள் நம் தோட்டப்புறத்தில் இன்றும் இருக்கின்றன. ஆனால் அந்தச் சேமிப்பை மழையிலும் காற்றிலும் நனையவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோமே, இது சரிதானா?

"மாடுதானே, அதெல்லாம் தாங்கிக்கும்" என்று சிலர் சொல்வார்கள். "நம்ம ஊர்ல என்னா பெரிய குளிரு?" என்று கேட்பவர்களும் உண்டு. கேமரன் மலையில் 1978 பிப்ரவரி 1ஆம் தேதி 7.8 டிகிரி வரை இறங்கியதே, அந்தக் குளிர் நெகிரி செம்பிலானுக்கு வராது என்பது உண்மைதான். ஆனாலும் 2018 ஜனவரியில் தீபகற்பத்தின் பல இடங்களில் 20 டிகிரிக்குச் சற்று மேலே வந்து நின்றதையும், பகலிலேயே போர்வை தேடியதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். வடக்கே சீனா, சைபீரியாப் பக்கமிருந்து குளிர்காற்று தள்ளிக்கொண்டு வரும்போது இங்கே நாள்கணக்கில் விடாத தூறல் பிடித்துக்கொள்ளும். காய்ந்த உடம்புக்கு 22 டிகிரி ஒன்றும் செய்யாது. ஆனால், நனைந்த உடம்பில் காற்றும் அடித்தால் சூடு மளமளவென்று இறங்கிவிடும். பிறந்து ஒரு வாரமான ஆட்டுக்குட்டிக்கு அதைத் தாங்கும் சக்தி ஏது?

குளிரோடு வெள்ளமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். 2021 டிசம்பரில் வந்த பெருவெள்ளம் நாட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. நம் மாநிலமும் தப்பவில்லை. மழை குறைந்த வட்டாரம் என்று பெயரெடுத்த ஜெலுபுவிலேயே வெள்ளம் புகுந்தது. அதனால் "நம்ம பக்கம் வராது" என்று யாரும் அலட்சியமாக இருப்பதற்கில்லை.

ஒரு தோட்டத்தில் நாம் கண்டதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆற்றோரத்தில் லயம். இரவில் தண்ணீர் ஏறியபோது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் மேட்டுக்கு ஓடிவிட்டார்கள். விடிந்து போய்ப் பார்த்தால், கட்டுத்தறியில் ஐந்து ஆடுகள் கட்டிய கயிற்றோடு செத்துக் கிடந்தன. அந்த அம்மா அழுதுகொண்டே சொன்ன வார்த்தை இன்னும் நம் காதில் ஒலிக்கிறது: "கயித்தையாச்சும் அவுத்து விட்டிருந்தா, அதுங்க நீந்திக் கரையேறியிருக்குமே, ஐயா." அந்த ஐந்து ஆடுகளும் அவர் மகளின் கல்யாணத்துக்காக வளர்த்தவை.

அந்த அம்மாவைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. உயிர் தப்பும் நேரத்தில் யாருக்குத்தான் ஆட்டின் ஞாபகம் வரும்? ஆகவே மழை பிடிப்பதற்கு முன்பே செய்ய வேண்டியவற்றைச் செய்து வைத்துவிட வேண்டும்.

முதலில் வீடு. கூரைத் தகரத்தில் ஆணி கழன்றிருந்தால் அடித்துவிடுங்கள். பீலியில் அடைத்திருக்கும் இலைதழைகளை வாரிப் போடுங்கள். லயத்துக் கால்வாயை ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடித் தோண்டினால் அரைநாள் வேலைதான். அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். பத்திரம் தொலைந்தால் நம் மக்கள் படும் பாடு ஊரறிந்தது. குளிருக்காக மூடிய அறைக்குள் கரியடுப்பு வைக்கவே கூடாது. அந்தப் புகைக்காற்று தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

அடுத்தது கொட்டகை. ஆட்டுக்கு ஈரத்தரை எமன். தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரத்தில் பரண் போட்டு, பலகைக்குப் பலகை அரை அங்குலம் இடைவெளி விட்டால் புழுக்கையும் மூத்திரமும் கீழே போய்விடும். காற்று அடிக்கும் பக்கத்தில் மட்டும் ஆட்டின் உயரத்துக்குச் சாக்கோ தார்ப்பாயோ கட்டுங்கள். நாலு பக்கமும் அடைத்துவிடாதீர்கள். உள்ளே மூத்திர நெடி தங்கி நுரையீரலைக் கெடுத்துவிடும்.

விடிந்ததும் ஆட்டை அவிழ்த்து ஈரப்புல்லில் விடுவது பலருக்குப் பழக்கம். குடற்புழுவின் குஞ்சுகள் ஏறி நிற்பதே அந்த ஈரப்புல்லின் நுனியில்தான். வெயில் ஏறிப் புல் காய்ந்த பிறகு ஓட்டிக்கொண்டு போங்கள். வெயிலே இல்லாத நாளில் தழையை வெட்டிக் கொண்டுவந்து கட்டித் தொங்கவிடுங்கள். ஆட்டின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பாருங்கள். சிவந்திருந்தால் கவலையில்லை. வெளுத்துப் போயிருந்தால் புழு இரத்தத்தை உறிஞ்சுகிறது என்று அர்த்தம். உடனே மருந்து கேட்டு வாங்க வேண்டும். செம்பனைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகச் செம்மறிக்கு அதையே அள்ளிக் கொட்டவும் கூடாது. அதிலுள்ள செம்புச் சத்து சேர்ந்து சேர்ந்து ஈரலைக் கெடுத்துவிடும்.

மாடு, எருமை வைத்திருப்போர் தொண்டை அடைப்பானை மறக்கக் கூடாது. கடும் காய்ச்சல், தொண்டை வீக்கம், மூச்சுத் திணறல் என்று வந்தால் ஓரிரு நாளில் மாட்டைச் சாய்த்துவிடும். நோய் வந்த பிறகு நாட்டு மருந்தைத் தேடி ஓடுவதைவிட, மழைக்கு முன்பே கால்நடைச் சேவை இலாகாவில் சொல்லித் தடுப்பூசி போட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

கோழிக்குஞ்சுக்கு முதல் வாரத்தில் 32 முதல் 35 டிகிரி வரை சூடு வேண்டும். குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர்கிறது என்று பொருள். ஒரு குண்டு விளக்கைச் சாக்கில் படாமல் கட்டித் தொங்கவிட்டால் போதும். காவல் காக்கும் நாய்க்கும் நாலு செங்கல் அடுக்கி, மேலே ஒரு பலகை போட்டுக் கொடுங்கள். ராத்திரியெல்லாம் நமக்காகக் குரைப்பது, சேற்றிலே சுருண்டு கிடக்கலாமா? கொட்டகையில் சேறு அள்ளும்போது பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலிலுள்ள வெடிப்பு வழியாகவே எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும்.

தோட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை. மாடுகள் இளங்கன்றுகளை மேய்ந்துவிடுகின்றன என்ற அவர்களின் புகாரில் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்காகக் கொட்டகைகளைப் பள்ளத்துக்குத் துரத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? மேட்டில் ஓரிடம் ஒதுக்கிப் பொதுக் கொட்டகை போட்டுக்கொள்ள அனுமதித்தால் கன்றும் பிழைக்கும், மாடும் பிழைக்கும். தொழிற்சங்கக் கிளைத் தலைவர்கள் சம்பளப் பேச்சோடு இதையும் சேர்த்துப் பேசட்டும். தொழிலாளர்களும் மாட்டைக் கண்டபடி அவிழ்த்து விடுவதில்லை என்று வாக்குக் கொடுத்து அதைக் காப்பாற்ற வேண்டும்.

சட்டமும் இப்போது சும்மா இல்லை. 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம் 2017 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. வளர்க்கும் பிராணிக்கு இருப்பிடமும் தீனியும் கொடுப்பது உரிமையாளரின் கடமை. கொடுமை செய்தது நிரூபணமானால் 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்று ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் நம்மவர்களுக்குச் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்த வேண்டியதில்லை. நம் வழக்கத்தை நினைவூட்டினாலே போதும்.

ஜனவரி நடுவில் மாட்டுப் பொங்கல் வரும். கொம்புக்கு வர்ணம் பூசி, கழுத்தில் மாலை போட்டு, பொங்கல் ஊட்டிக் கும்பிடுவோம். அந்த ஒரு நாள் மரியாதை மெய்யாக வேண்டுமானால், அதற்கு முந்திய இரண்டு மாதமும் அந்த மாடு நனையாமல் படுத்திருக்க வேண்டும்.

தண்ணீர் ஏறும் அறிகுறி தெரிந்தால் இருட்டும்வரை காத்திராமல் மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள். நேரமில்லையா? கயிற்றையாவது அவிழ்த்துவிட்டு ஓடுங்கள். இழுத்தால் அவிழும் உருவு முடிச்சாகவே இன்று முதல் போடுங்கள். வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் அந்த முடிச்சை இன்றைக்கே கற்றுக்கொடுங்கள்.