யாரால் என்று சொல்லாத எண்

அரசாங்கக் கடிதங்களை மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு வாக்கியம் நன்றாகப் பழக்கம். 'தாமதம் ஏற்பட்டுவிட்டது.' யாரால் ஏற்பட்டது என்று மட்டும் கடிதம் சொல்லாது. இன்றைய லாரிகளும் இதே பாஷையில்தான் பேசுகின்றன. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. மேடு ஏறும்போது இழுவை இல்லை. ஸ்கேனரைச் சொருகினால் பதில் வருகிறது: பி 0401. அதாவது, மறுசுழற்சிக்குப் போக வேண்டிய புகை போதுமான அளவு போகவில்லை. தடுத்தது யார்? அதற்கு ஸ்கேனரிடம் பதில் இல்லை.

மும்பையை அடுத்த அம்பர்நாத், 11ஆம் நூற்றாண்டுச் சிவன் கோயிலுக்கும் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டைகளுக்கும் பெயர்போன ஊர். ஆலைகளுக்குச் சரக்கு கொண்டுவரும் லாரிகளில் தமிழ்நாட்டுப் பதிவெண்ணும் கண்ணில் படும். ஊர் திரும்ப ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்போது இந்த விளக்கு எரிந்தால் டிரைவருக்கு அது பெரிய சோதனை. லோடு நேரத்துக்குப் போகாவிட்டால் வாடகை பிடிபடும். முதலாளியின் போன் ஓயாது.

விஷயம் இதுதான். டீசல் எஞ்சினுக்குள் வெப்பம் மிக அதிகமானால் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்ஸைடு என்ற நச்சுப் புகையாகின்றன. இதைத் தடுக்க, வெளியேறும் புகையில் ஒரு பகுதியைக் குளிரவைத்து மீண்டும் எஞ்சினுக்குள்ளேயே அனுப்புகிறார்கள். எரிப்பின் சூடு தணிகிறது, நச்சும் குறைகிறது. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ஈ.ஜி.ஆர். எவ்வளவு புகை திரும்பிப் போகலாம் என்று தீர்மானிக்கும் கதவு ஈ.ஜி.ஆர். வால்வு.

2017 மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம், ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 3 வண்டிகளை விற்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பல நிறுவனங்கள் யூரியா கரைசல் தெளிக்கும் முறையை நம்பி பி.எஸ். 4க்கு மாறியபோது, சென்னையின் அசோக் லேலண்ட் 400 குதிரைசக்தி வரையிலான எஞ்சின்களுக்கு ஈ.ஜி.ஆரையே தேர்ந்தெடுத்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தது. கனரக எஞ்சின் ஒரு கிலோவாட் மணி வேலைக்கு வெளியிடக்கூடிய நைட்ரஜன் ஆக்ஸைடின் அளவு 3.5 கிராமிலிருந்து 0.46 கிராமாக இறங்கியது. சென்சார்கள் பெருகின, எண்களும் பெருகின.

எண் 'ஈ.ஜி.ஆர்.' என்றதும் வால்வை மாற்றிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. பல ஆயிரம் ரூபாய் செலவாகிறது. நூறு கிலோமீட்டரில் விளக்கு திரும்பவும் எரிகிறது. ஏனென்றால் பழுது வால்வில் இல்லை. டர்போவிலிருந்து வரும் காற்றுக் குழாயின் கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். அழுத்தத்தை அளக்கும் சென்சாரின் குழாயில் கரி அடைத்திருக்கலாம். சேஸிஸில் உரசி ஒயர் தேய்ந்திருக்கலாம். கம்ப்யூட்டருக்கு இவை எல்லாமே ஒன்றுதான்: எதிர்பார்த்த கணக்கு வரவில்லை.

நல்ல மெக்கானிக்கின் வரிசை வேறு. எண்ணை உடனே அழிக்க மாட்டார். அது பதிவான நேரத்தில் வேகம், லோடு, சூடு என்ன என்று பார்ப்பார். பெரிய லாரிகளில் இரண்டு எண்கள் வருவதுண்டு. எஸ்.பி.என். 2791 என்றால் ஈ.ஜி.ஆர். வால்வின் இயக்கம். கூட வரும் எஃப்.எம்.ஐ. எண் 5 ஆனால் கரண்ட் குறைவு அல்லது ஒயர் துண்டிப்பு. 7 ஆனால் கட்டளை போயும் உறுப்பு சரியாக அசையவில்லை. ஒன்று ஒயரைப் பார்க்கச் சொல்கிறது, மற்றது ஸ்பேனரை எடுக்கச் சொல்கிறது. அடுத்து குழாய்கள், கனெக்டர்கள். அதன்பின் ஸ்கேனரிலிருந்து வால்வைத் திறக்கச் சொல்லி, சொன்ன அளவும் திறந்த அளவும் ஒத்துப்போகின்றனவா என்ற சோதனை. கடைசியில்தான் வால்வைக் கழற்றிக் கரியைச் சுத்தம் செய்வது. வெளியே ஒரு சொட்டு ஒழுகாமல் கூலன்ட் குறைகிறது என்றால் ஈ.ஜி.ஆர். கூலர் உள்ளே வெடித்திருக்கிறதா என்றும் பார்ப்பார். கரி ஏன் சேர்ந்தது என்ற கேள்வி இன்னும் பாக்கி. தேய்ந்த இன்ஜெக்டரா, எண்ணெய் விடும் டர்போவா, மணிக்கணக்கில் ஐடிலிங்கில் நிற்பதா? அதற்குப் பதில் தேடாமல் அனுப்பிய லாரி திரும்பி வரும்.

இத்தனைக்கும் பொறுமை இல்லாதவர்களிடம் மலிவான வைத்தியம் ஒன்று இருக்கிறது. ஒரு தகட்டை வைத்துப் பாதையை அடைத்து, எண் வராதபடி சாஃப்ட்வேரைத் திருத்திவிடுவது. டீசல் வண்டிகளுக்கான பி.யு.சி. சோதனை புகையின் அடர்த்தியைத்தான் அளக்கிறது. நைட்ரஜன் ஆக்ஸைடை அல்ல. எனவே தகடு வைத்த லாரியும் தேறிவிடும். பிடிபட்டால்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பின், முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. ஓட்ட அனுமதித்தவருக்கும் அது பொருந்தும். ஆனால் சாலையில் கையும் களவுமாக நிற்பவர் டிரைவர்தான்.

தகடு வைக்கும் மெக்கானிக்கை மட்டும் திட்டிப் பயனில்லை. பெரியவர்களே வழிகாட்டியிருக்கிறார்கள். சோதனையில் ஒரு விதமாகவும் நெடுஞ்சாலையில் வேறு விதமாகவும் எஞ்சின் ஓடும்படி செய்ததாக அமெரிக்க அரசு ஏழு கனரக எஞ்சின் நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுத்தது. 1998ல் முடிந்த சமரசத்தில் அவை 8.34 கோடி டாலர் அபராதம் கட்டின. 2015ல் ஃபோக்ஸ்வாகன் கார்களில் அதே கதை.

நம் ஊர் மெக்கானிக்கின் சிக்கல் நேர்மை மட்டுமல்ல, தகவலும்தான். முழு விவரம் காட்டும் ஸ்கேனரும் ஒயரிங் படமும் பெரும்பாலும் கம்பெனி டீலரிடம். உதிரி பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. விவகாரம் மேல்முறையீடுகளுக்குப் போனது. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு இணையதளம் தொடங்கியது. நல்ல ஆரம்பம்தான். ஆனால் சர்வீஸ் கையேட்டின் ஆங்கிலத்தில் தடுமாறும் மெக்கானிக்குக்கு, அந்த உரிமை காகிதத்தில்தான் இருக்கும்.

ஊரை மூச்சுத்திணற வைக்காமல் இருக்க நீதிமன்றம் சட்டம் பேசியது, நிறுவனங்கள் தொழில்நுட்பம் கொடுத்தன. இரண்டும் கடைசியில் ஒரு தகர ஷெட்டில், கரி படிந்த ஒரு கையில் வந்து நிற்கின்றன. அந்தக் கையில் கொடுக்க வேண்டியது தமிழிலோ மராத்தியிலோ இந்தியிலோ, 'யாரால்' என்று தேடும் வழியைச் சொல்லும் நாலு பக்கக் காகிதம். தகட்டைவிட அதன் விலை குறைவு.