அரண்மனைத் தாழ்ப்பாளும் ஆடற்கலையும்

"அரசவை ஆடல் அரண்மனைக்குள் இருந்தால்தான் தூய்மை, பள்ளிக்கூடத் தரையில் கால் வைத்தால் தீட்டு!" என்று வாதிடும் பழமைப் பற்றாளர் சாவகத்திலும் உண்டு. கேட்கிறோம்: யாரிடமிருந்து எதைக் காக்க?

சுரகர்த்தா அரண்மனையின் பெதாயா கெதவாங் ஆடலைப் பாருங்கள், தோழர்களே! மன்னன் அரியணை ஏறிய நாளின் நினைவாக ஆண்டுதோறும் ஆடப்படுவது. ஒன்பது மங்கையர், மணப்பெண் கோலத்தில், காமெலான் இசைக்கேற்ப நீர் நகர்வதுபோல் நகர்வர். அழகு, மறுக்கவில்லை! அந்த அழகைச் சுற்றி எழுப்பிய வேலி என்ன? தென்கடல் அரசி ராத்து கிடுல் பத்தாமவளாக வந்து ஆடுவாளாம்! ஆகவே, ஆடுவோர் மணமாகாதோராய் இருத்தல் வேண்டும், நோன்பிருத்தல் வேண்டும், மாதவிலக்கு நாளில் ஆடலாகாது. கடலரசியும் பெண்தானே, அவளுக்குமா தீட்டு? மன்னனுக்கோ இவ்விதிகள் ஏதுமில்லை. ஆடிய நங்கையருள் சிலரை அவன் ஆசைநாயகியராக்கிக் கொண்டதுண்டு. அது கதையன்று, வரலாறு.

தாழ்ப்பாளைத் திறந்தது கல்வி. 1918 இல் யோக்யகர்த்தாவில் கிரிடா பெக்சா விராமா என்னும் பள்ளி தோன்றி, அரண்மனைக்கு வெளியே அரசவை ஆடலைப் பயிற்றுவித்தது. தொடங்கியவர்கள் சுல்தானின் மைந்தர்களே. அதை நாம் மறைக்கவில்லை. 1922 இல் தாமான் சிஸ்வா பள்ளியை நிறுவிய கி ஹஜார் தேவந்தாரா, அரச குலத்துப் பட்டப்பெயரையே துறந்தவர்! ஆடலும் இசையும் அவர் பள்ளியில் பாடமாயின. 1946 இல் சுரகர்த்தா அரசு ஆட்சியுரிமை இழந்தது. அரண்மனையின் கருவூலம் வற்றிய காலத்தில் ஆடலைத் தாங்கியது எது? 1950 இல் அந்நகரில் எழுந்த இசைப்பள்ளியும், 1960களில் இரு நகரங்களிலும் தோன்றிய கலைக்கல்லூரிகளும் அன்றோ!

கல்லூரி செய்ததெல்லாம் சரி என்போமில்லை. 1970களில் கெண்டோன் ஹுமர்தானி, நெடிய பெதாயா, ஸ்ரிம்பி ஆடல்களைச் சுருக்கி அமைத்தார். மக்கள் மேடைக்கு அது தேவை என்பது அவர் கருத்து. ஒப்புகிறோம். ஆனால், சுருக்கத்தை மட்டுமே கற்று, முழு ஆடலை அறியாமலே பட்டம் பெறும் தலைமுறை உருவாகிவிடலாகாது. பொறுமையும் மூச்சும் அந்த நீளத்தில் அல்லவா இருக்கின்றன!

இன்று கெதவாங் ஆடலுக்கு வெளியிலிருந்தும் இளம்பெண்கள் வருகின்றனர். அவர்களுக்கு அடவைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், அந்தப்புரத்தில் அடைபட்டிருந்த பெண்களின் கதையையும் சேர்த்தே கற்பிக்கட்டும். கடலரசியைக் கதை என்றே சொல்லிக் கொடுக்கட்டும். மாதவிலக்கு விதியை ஏடுகளில் வைத்துவிட்டு, ஆடவல்ல பெண்ணை ஆடவிடட்டும்.