சந்திரமுகியும் நம்ம கோவில் வாசலும்

ஓம் சரவணபவ. 

முதல்லயே சொல்லிடுறேன். இது கோவில் அறிவிப்பு இல்ல, எந்த நிர்வாகத்தோட கருத்தும் இல்ல. ஜூரோங்ல இருக்கிற ஒரு சாதாரண தொண்டூழியரோட சொந்தக் கருத்து. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

போன நவராத்திரி அஷ்டமி அன்னிக்கு சாயங்காலம் அன்னதானத்துக்கு காய் நறுக்கிட்டு இருந்தோம். பாலிடெக்னிக் படிக்கிற தம்பிங்க நாலு பேர் பூசணிக்காயோட மல்லுக்கட்டிட்டு இருந்தாங்க. அதுல ஒருத்தர், "அங்கிள், இன்னிக்கு துர்காஷ்டமி. சந்திரமுகி வர்ற நாள்!"னு சொல்லி லகலகன்னு ஒரு சத்தம் விட்டார். எல்லாரும் சிரிச்சோம். அப்படியே பேச்சு படத்துக்குப் போயிடுச்சு. சந்திரமுகி பெருசா, மலையாளப் படம் பெருசா, 2023ல வந்த ரெண்டாம் பாகம் எப்படின்னு ஒரே வாக்குவாதம். என்கிட்ட கேட்டாங்க. "எழுதிச் சொல்றேன் தம்பி"ன்னு தப்பிச்சேன்.

தப்பிச்சதுக்குக் காரணம் இருக்கு. அந்தச் சிரிப்புல சேராம ஒருத்தங்க மட்டும் பூ கட்டிட்டு இருந்த கையை நிறுத்தினாங்க. அதைக் கடைசியில சொல்றேன். முதல்ல படத்தைப் பத்தி.

நான் இந்தக் கதையோட ரொம்பப் பழைய ரசிகன். "மணிச்சித்ரதாழ்" 1993 டிசம்பர்ல கேரளாவுல வந்தது. ஃபாசில் இயக்கம், மது முட்டம் எழுத்து. அப்போ எனக்கு இங்க கப்பல் பட்டறையில வேலை. கூட வேலை பார்த்த மலையாளி நண்பர் லீவுக்கு ஊருக்குப் போயிட்டு வரும்போது வீடியோ கேசட் கொண்டு வந்தார். ஒரு ஞாயித்துக்கிழமை அவர் வீட்டுல, பத்துப் பேர் தரையில உட்கார்ந்து பார்த்தோம். எனக்கு மலையாளம் பாதிதான் புரிஞ்சுது. ஆனா ஷோபனா நாகவல்லியா மாறினதும் தமிழ் பேச ஆரம்பிச்சாங்க பாருங்க, தூக்கிவாரிப் போட்டுச்சு. தஞ்சாவூர்க்காரி! நம்ம ஊர்ப் பொண்ணு! அதுல வர்ற அரண்மனைக் காட்சிகள் சிலது எடுத்த பத்மநாபபுரமும் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துலதான் இருக்கு. அந்தப் படத்துக்காக ஷோபனாவுக்கு தேசிய விருது கிடைச்சப்போ சொந்த வீட்டுல ஒருத்தருக்குக் கிடைச்ச மாதிரி இருந்துச்சு.

அப்புறம் 2005 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு. காலையில கோவில், சாயங்காலம் குடும்பத்தோட சந்திரமுகி. ரஜினி சார் வந்ததும் நானும் விசில் அடிச்சேன், மறைக்கல. சென்னை சாந்தி தியேட்டர்ல 800 நாளைத் தாண்டி ஓடின படம். ஆனா வீட்டுக்கு வந்து படுத்தா மனசுல ஏதோ குறை.

முதல் குறை, நம்ம தஞ்சாவூர்க்காரியை ஆந்திராக்காரியா மாத்திட்டாங்க. தமிழ்ப் படத்துல பேய் தெலுங்குல பாடுது. ரொம்ப நாள் எனக்கு இதுல கோபம். அப்புறம் யோசிச்சுப் பார்த்தா, பி. வாசு செஞ்சது சரிதான்னு தோணுச்சு. தனக்குத் தெரியாத பாஷையை அந்தப் பொண்ணு திடீர்னு பேசணும், அதுதான் அந்த இடத்தோட பயமே. மலையாள வீட்டுல அது தமிழ். தமிழ் வீட்டுல வேற பாஷைதான் வேணும். அவர் சந்திரமுகிக்கு முந்தின வருஷம், 2004ல, இதே கதையை "ஆப்தமித்ரா"ன்னு கன்னடத்துல எடுத்தவர். இந்தக் கதையோட நெளிவு சுளிவு தெரிஞ்சவர்.

ரெண்டாவது குறை இன்னும் எனக்குப் போகல. மலையாளத்துல டாக்டரா வர்ற மோகன்லால், படம் பாதி ஓடினதுக்கு அப்புறம்தான் வருவார். அதுவரைக்கும் அது கங்காவோட வீடு, கங்காவோட கதை. தமிழ்ல ஹீரோ முதல்லயே சண்டையோட வந்துடறார். அவருக்கு இடம் கொடுக்கக் கொடுக்க கங்காவுக்கு இடம் சுருங்கிடுச்சு. ஜோதிகா உயிரைக் கொடுத்து நடிச்சிருக்காங்க, அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா அந்தப் பொண்ணு மனசுக்குள்ள என்ன வலின்னு நமக்குத் தெரியறதுக்கு முன்னாடியே கண் மையும் கொலுசும்தான் நம்ம மனசுல நின்னுடுச்சு.

இவ்வளவு குறை சொன்னாலும் சந்திரமுகி மேல எனக்கு மரியாதை உண்டு. காரணம் ஒண்ணே ஒண்ணு. கதையோட முதுகெலும்பை அவங்க உடைக்கல.

அது என்னன்னா, வீட்டுல பேய் இல்ல. ஒரு பொண்ணுக்கு உடம்பு சரியில்ல. அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்கிறவர் மனநல மருத்துவர். சாமியார் ஒருத்தரும் வர்றார். மத்த படமா இருந்தா ஒண்ணு சாமியாரைக் கோமாளி ஆக்குவாங்க, இல்லேன்னா டாக்டரைக் கோமாளி ஆக்குவாங்க. இதுல ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கிறாங்க. மந்திரம், கோலம், பூஜை எல்லாம் நடக்குது, ஆனா டாக்டர் போட்ட திட்டப்படி நடக்குது. பலகை சுழன்று, ஆளுக்குப் பதிலா பொம்மை வருது. அந்தப் பொண்ணு நம்பற பாஷையிலயே அவளுக்கு வைத்தியம் பார்க்கிறாங்க. மலையாளத்துல திலகன் செஞ்ச அந்த தந்திரி பாத்திரம் தன் வித்தையையும் விடல, டாக்டர்கிட்ட அகங்காரமும் காட்டல. கோவில்ல சேவை செய்யற எனக்கு இந்தப் படத்துல ரொம்பப் பிடிச்சது ரஜினியும் இல்ல, மோகன்லாலும் இல்ல. டாக்டருக்கு இடம் விட்டு நின்ன அந்தப் பெரியவர்தான்.

2023ல வந்த சந்திரமுகி 2 அதைத்தான் தொலைச்சுடுச்சு. அதே இயக்குநர், அதே அரண்மனைக் கதை. ஆனா இப்போ நிஜமாவே ஆவி. நிஜமாவே ஒரு பொண்ணு உடம்புல வந்து இறங்குது. முதல் படத்துல டாக்டர் ரெண்டரை மணி நேரம் பாடுபட்டு "இது பேய் இல்லப்பா"ன்னு சொன்னதை ஒரே அடியில அழிச்சுட்டாங்க. ராகவா லாரன்ஸ் நடிச்சது சரியா, கங்கனா பொருத்தமான்னு தம்பிங்க சண்டை போடறாங்க. என் சண்டை அது இல்ல.

"படம்தானே அங்கிள், ஏன் இவ்ளோ சீரியஸ்?"னு கேட்கலாம். இனி அந்தப் பூ கட்டின கதைக்கு வர்றேன். அவங்க அனுமதியோடதான் எழுதறேன். ஆள் அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன். எந்தக் கோவில்னும் யாரும் கேட்காதீங்க.

சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, நடை சாத்தற நேரம். ஒரு அம்மா தன் மகளைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தாங்க. பொண்ணுக்கு இருபது வயசு சொச்சம் இருக்கும். தலை கலைஞ்சு, யார்கூடவோ பேசிக்கிட்டே வந்துச்சு. திடீர்னு கத்துச்சு. பிரகாரத்துல இருந்தவங்க ஒதுங்கினாங்க. ரெண்டு பேர் கைபேசியைத் தூக்கினாங்க. பின்னாடி இருந்து யாரோ "சந்திரமுகி டா"ன்னு சொன்னாங்க, சிரிப்பு கேட்டுச்சு.

சொன்னது யார் தெரியுமா? நான்தான். மெதுவா, பக்கத்துல இருந்த நண்பருக்கு மட்டும் கேட்கணும்னு சொன்னேன். ஆனா அந்தப் பொண்ணு திரும்பி என்னைப் பார்த்துச்சு. அந்தப் பார்வை இன்னும் என் கண்ணுலயே இருக்கு.

குருக்கள் ஐயா வந்தார். அம்மா அழுதுகிட்டே, "சாமி, யாரோ செய்வினை வச்சுட்டாங்க, கயிறு கட்டுங்க, ஓட்டிவிடுங்க"ன்னு கேட்டாங்க. அவர் விபூதி போட்டு விட்டார். அர்ச்சனை பண்ணினார். அப்புறம் அம்மாவைத் தனியா உட்கார வச்சு, "அம்மா, பாப்பா எத்தனை நாளா தூங்கல? சாப்பிடறாளா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"ன்னு கேட்டார். "உட்பிரிட்ஜா? வெளியில தெரிஞ்சா யார் சாமி கட்டிப்பா?"ன்னு அந்த அம்மா பதறிட்டாங்க. புவாங்கோக்ல இருக்கிற மனநலக் கழகத்தை நம்ம பெரியவங்க இன்னும் பழைய பேர்லதான் சொல்றாங்க. அந்தப் பேரைச் சொல்லும்போதே குரல் தாழ்ந்துடும்.

அதுக்கு ஐயா சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. "சர்க்கரைக்கு மாத்திரை போடறோம்ல, அது மாதிரி இதுவும். நான் முருகன்கிட்ட சொல்லிக்கிறேன், நீங்க டாக்டர்கிட்ட சொல்லுங்க." எனக்கு அந்த நிமிஷம் அந்தப் படத்துல வந்த பெரியவரை நேர்ல பார்த்த மாதிரி இருந்துச்சு.

படம் மாதிரி ஒரே ராத்திரியில குணமாகல. அது எல்லாப் படமும் சொல்ற பொய், மலையாளப் படமும் சேர்த்துத்தான். மாசக்கணக்குல மருந்து, நடுவுல மருந்தை நிறுத்தி மறுபடி சிரமம், மறுபடி சிகிச்சை. ஆனா இன்னிக்கு அவங்க வேலைக்குப் போறாங்க, நேரம் கிடைச்சா வந்து பூ கட்டறாங்க. அஷ்டமி அன்னிக்கு நாங்க சிரிச்சப்போ நின்னது அவங்க கைதான். தம்பிங்களுக்கு எதுவும் தெரியாது, அவங்க மேல தப்பில்ல. தெரிஞ்ச நான் சிரிச்சேனே, அதுக்குத்தான் இந்தப் பதிவு.

இன்னொரு விஷயம். 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. ஒரு தனியார் காப்பகத்துல தீ. மனநோய்னு கொண்டு வந்து விட்டவங்களைச் சங்கிலியால கட்டி வச்சிருந்தாங்க. ஓட முடியல. 28 பேர் இறந்துட்டாங்க. இது எந்த மதத்தையும் குறை சொல்ல இல்ல. நம்ம பக்கமும் நேர்த்திக்கடன்னு கொண்டு வந்து விட்டுட்டுப் போறவங்க உண்டு. அதே தமிழ்நாட்டுல திருச்சி பக்கம் குணசீலம் பெருமாள் கோவிலையும் பாருங்க. மனசு சரியில்லாதவங்க ஒரு மண்டலம் தங்கி வழிபடற தலம். அங்க கோவிலோட சேர்ந்தே மனநல மறுவாழ்வு மையமும் இருக்கு, டாக்டரும் வந்து பார்க்கிறார். தீர்த்தமும் உண்டு, மாத்திரையும் உண்டு. பெருமாள் கோவிச்சுக்கல.

அதனால அன்பர்கள்கிட்ட மூணு வேண்டுகோள்.

ஒண்ணு, கோவில்ல யாராவது நிலை தடுமாறி நடந்துக்கிட்டா கைபேசியை எடுக்காதீங்க. கொஞ்சம் தண்ணி, உட்கார ஒரு இடம், சுத்தி கூட்டம் இல்லாம பார்த்துக்கறது, இதுவே பெரிய சேவை.

ரெண்டு, குடும்பத்துக்கு நல்ல வார்த்தை சொல்லுங்க. வழிபாட்டை நிறுத்தச் சொல்ல வேண்டாம், கூடவே டாக்டரையும் பார்க்கச் சொல்லுங்க. பலதுறை மருந்தகத்துல ஆரம்பிக்கலாம். அவசரம்னா மனநலக் கழகத்தோட 24 மணி நேர எண் 6389 2222. பேச ஆள் வேணும்னா 1771.

மூணு, தொண்டூழியர்களுக்கு, முக்கியமா எனக்கு. அந்தப் பேரைச் சொல்லி யாரையும் கிண்டல் பண்ண வேண்டாம்.

தம்பிங்களா, நீங்க கேட்ட கேள்விக்குப் பதில்: மூணு படத்துல எனக்கு மலையாளம்தான் முதல், சந்திரமுகி ரெண்டாவது. ரெண்டாம் பாகத்தை ஒரு தடவை பார்த்தேன், போதும். அடுத்து யாராவது மூணாவது எடுத்தா, பேயைப் பெருசாக்க வேண்டாம். அந்த டாக்டரையும் சாமியாரையும் மறுபடி ஒண்ணா நிக்க வைங்க. அதைப் பார்க்க நான் முதல் நாளே டிக்கெட் எடுப்பேன், உங்களுக்கும் சேர்த்து.

வேலும் மயிலும் துணை.